பரணில் இருந்த முயல் டின்

ஆனி பிறந்தால் போதும், எங்கள் பக்கத்தில் முறுக்கெல்லாம் நமுத்துப் போகும்!

தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், அந்த ஈரக்காற்று வீரகேரளம்புதூர் வரை வந்து நம் அடுக்களைக்குள்ளும் புகுந்துவிடும். உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அப்பளம் துவண்டு போகும். நேற்றுச் சுட்ட தட்டை இன்றைக்குக் கடித்தால் சத்தமே வராது. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இறுக்கமான மூடி போட்ட டின் என்றால் உயிர். நகைப்பெட்டி இல்லாத வீடுகூட உண்டு. பட்சணம் போட்டு வைக்க ஒரு நல்ல டின் இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம்.

அப்படிப்பட்ட டின்களைப் பற்றித்தான் இந்த முறை பேசப்போகிறேன். அதிலும் படம் போட்ட டின்கள், பொம்மை உருவத்தில் வரும் ஜாடிகள். குழந்தைகள் ஆசையாய்க் கட்டிக்கொள்வார்களே, அவைதாம். "இதில் பேச என்ன இருக்கிறது?" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். அப்படி நினைத்ததால் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பிஸ்கட் போட்டு வைக்கும் பீங்கான் ஜாடிகளைச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 1930களில் இருந்து அங்கே இந்த ஜாடிகள் வீட்டுக்கு வீடு பரவின. கரடி, பன்றிக்குட்டி, கோமாளி என்று விதவிதமான உருவங்கள். 1940களில் சிகாகோவில் இருந்த லீட்ஸ் என்ற கம்பெனி ஒரு ஜாடி விற்றது. ஒரு பக்கம் பார்த்தால் மிக்கி மவுஸ். அப்படியே திருப்பி வைத்தால் மின்னி! காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டி வார்ஹால் என்ற பிரபல ஓவியர் இப்படிப்பட்ட ஜாடிகளைப் பழைய சாமான் சந்தைகளில் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தார். 1987இல் அவர் காலமானார். மறு வருஷம் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் அவருடைய சாமான்களை ஏலம் விட்டது. அந்த ஜாடிகள் மட்டும் சுமார் 2,50,000 டாலருக்குப் போயின. அவற்றில் பல, சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தவை.

ஜாடிக்கு அத்தனை விலையா என்று வாயைப் பிளக்க வேண்டாம். ஜாடி அதேதான். பிரபலமான ஒருவர் வீட்டில் இருந்தது என்ற கதை அதோடு சேர்ந்துகொண்டது. விலையை ஏற்றியது அந்தக் கதைதான். நம் வீட்டு டின்னுக்கும் அப்படி ஒரு கதை இருக்கும். ஏலம் போட ஆள் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பொம்மை ஜாடி

"அதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுச் சமாசாரம்" என்று தள்ளிவிடாதீர்கள். எட்டாத உயரத்தில் பண்டத்தை வைப்பதும், குழந்தை ஏறி எடுத்துத் தின்பதும், அம்மா பிடித்துக் கண்டிப்பதும் நமக்குத் தெரியாத கதையா? வீரகேரளம்புதூரில் குடிகொண்டிருக்கும் சாமியே நவநீதகிருஷ்ணன். நவநீதம் என்றால் வெண்ணெய். உறியில் தொங்கிய பானையைத் தேடிப்போய் எடுத்துத் தின்ற பிள்ளை! நம் கொலுப்படியில் வெண்ணெய்ப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணன் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தின் முதல் பிஸ்கட் ஜாடித் திருடன் இவன்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

காலம் மாற மாற டின் மேலிருக்கும் உருவமும் மாறியது. கையில் பெயிண்டு டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்ற குறும்புப் பையன் கட்டுவை ஞாபகம் இருக்கிறதா? ஆசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்காக 1954இல் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தது. புள்ளிச் சட்டை போட்ட அமுல் பாப்பா 1966இல் வந்தாள். என் பிள்ளைகள் காலத்தில் மிக்கி மவுஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பா. 2007இல் சுட்டி டி.வி. வந்தது. டோரா தமிழ் பேசினாள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் தண்ணீர் பாட்டில் முதல் டிபன் டப்பா வரை டோராதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அடுத்த வருஷமே சோட்டா பீம் வந்துவிட்டான். அவன் லட்டு தின்றால்தான் பலம் வருகிறவன். பாருங்கள், வெண்ணெய் லட்டாக மாறியதே தவிர, கதை மாறவில்லை!

இந்தப் படங்களைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. குழந்தைகள் கவனிக்கிறார்கள். டின்னுக்குள் என்ன இருந்தது என்பது மறந்து போகும். மூடியில் இருந்த உருவம் மறப்பதில்லை. ஐம்பது வயதிலும் கண்ணை மூடினால் அந்த டின் அப்படியே வந்து நிற்கும். அதை எடுத்துக் கொடுத்த கையும் கூடவே வரும்.

நான் செய்த தப்பு

2009ஆம் வருஷம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தேன். எங்கள் அத்தைக்கு எதையும் தூரப்போட மனசு வராது. (அத்தை என்றால் என் மாமியார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.) ஹார்லிக்ஸ் பாட்டில் பதினெட்டு, டால்டா டின், கைப்பிடி போன இட்லிக் கொப்பரை, மூடியில்லாத தூக்குச்சட்டி என்று மலைபோலக் கிடந்தது. அந்தக் குவியலில் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது. சதுர டின். ஓரமெல்லாம் துரு. மூடியில் நீலச் சட்டை போட்ட ஒரு முயல் நின்றுகொண்டிருந்தது. பாதி நிறம் உதிர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய இரும்புக்காரர் வந்தார். யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டேன். நல்ல லாபம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு! அத்தை அப்போது சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்.

ஏழு மாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி வந்தது. முதல் ஈடு சீடை எடுத்து ஆறவைத்திருந்தேன். அத்தை வந்து கேட்டார்.

"ஏளா, அந்த மொயல் டின்னு எங்க?"

"அதுவா அத்தை, துருப்பிடிச்சுக் கெடந்துது. பொங்கலுக்கே இரும்புக்காரருக்குப் போட்டாச்சு."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். சீடையை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் ஒரு சீடைகூட வாயில் போடவில்லை.

மூன்று நாள் கழித்து, மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். பதினேழு வருஷம் ஒரே அடுக்களையில் புழங்கியும், எனக்குத் தெரியாத கதை அது.

அத்தையின் அப்பா கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இருந்து பல பேர் அப்படிப் போனார்கள். ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. அந்தப் போட் மெயில் பாதை 1914இல் வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்தப் பழைய வழியும் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் அப்பா ஊருக்கு வருவார். 1956இல் வந்தபோது, எட்டு வயது மகளுக்கு அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பிஸ்கோத்து நாலு நாள்ல தீந்து போச்சு. டின்னத்தான் வச்சுக்கிட்டு அலைவேன்" என்றார் அத்தை. "எங்கம்மைகிட்ட கேப்பேன், 'இந்த மொயலு சட்டை போட்டுக்கிட்டு எங்கம்மா போவுது'ன்னு. 'கப்பலுக்குப் போவுது. ஒங்கய்யாவுக்கு முறுக்கு கொண்டு போவுது'ம்பா."

மறு வருஷம் கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து போய்விட்டாராம். கடிதம் வந்து சேர்ந்தபோது அங்கே காரியமே முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அவர் கையால் வாங்கி வந்த பொருள் என்று மிஞ்சியது அந்த டின் ஒன்றுதான்.

"அப்புறமும் நான் கேட்டேன், 'இப்ப மொயலு எங்கம்மா போவுது'ன்னு. எங்கம்மை கொஞ்ச நேரம் பேசல. பொறவு, 'இப்பத் திரும்பி வருதுளா'ன்னு சொன்னா."

1966இல் கல்யாணமாகி வீரகேரளம்புதூருக்கு வந்தபோது, சீர்ப்பாத்திரங்களுக்கு நடுவில் அந்த டின்னும் வந்தது. ஒவ்வொரு கிருஷ்ண ஜெயந்திக்கும் முதல் ஈடு சீடை அதில்தான். யாருக்கும் ஏன் என்று சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நான் மறுநாளே சுரண்டைக்கு பஸ் ஏறினேன். பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "ஏழு மாசம் முந்தியா? உருக்கப் போயிருக்கும்மா" என்றார்கள். போனது போனதுதான்.

கேட்காமல் எறியாதீர்கள்

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பல பேர் வீட்டில் இதே கதைதான் நடக்கிறது. மருமகள் பரணை ஒழிக்கிறாள். மாமியார் முகம் சுருங்குகிறது. "இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போறீங்க?" என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடிவதில்லை. சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பார்களோ என்று பயம். ஆகவே பேசாமல் இருக்கிறார். நாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும் சேர்த்து வை என்று நான் சொல்லவில்லை. நம் வீடு என்ன, அரண்மனையா? இரண்டு அறைக்குள் குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பதினெட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் எதற்கு? ஆனால் எறிவதற்கு முன்னால், "இது யார் வாங்கினது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "தெரியலயே, கெடக்கு" என்று பதில் வந்தால் தாராளமாகப் போடுங்கள். ஒரு நிமிஷம் பேச்சு நின்றால், அந்தச் சாமானை மட்டும் கீழே இறக்கித் துடைத்து வையுங்கள்.

கதையைக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சின்னக் காகிதத்தில் யார் கொண்டுவந்தது, எந்த வருஷம், எந்த ஊர் என்று நாலு வரி எழுதி அந்த டின்னுக்குள்ளேயே போட்டு வையுங்கள். நாளைக்கு உங்கள் மருமகள் பரணை ஒழிக்கும்போது அந்தக் காகிதம் உங்களுக்காகப் பேசும். டின்னை வைக்க இடமே இல்லையென்றால், ஒரு போட்டோ எடுத்து அதன் பின்னால் எழுதி வைத்தாலும் போதும்.

இதில் ஆரோக்கிய விஷயமும் ஒன்று இருக்கிறது. வயதாகி ஞாபக மறதி வந்தவர்களிடம் பழைய சாமான், பழைய படம் இவற்றைக் கையில் கொடுத்துப் பேச வைப்பதை மருத்துவர்களும் ஒரு முறையாகவே கையாளுகிறார்கள். மறதி இதனால் குணமாகிவிடாது. ஆனால் மனம் லேசாகிறது, பேச்சு வருகிறது. காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர்களுக்கும் எட்டு வயதில் நடந்தது பளிச்சென்று நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைத்து அவர்களைத் திணற விடுவதைவிட, ஒரு பழைய தூக்குச்சட்டியை மடியில் வைத்து "இதுல என்ன போட்டு வைப்பீங்க?" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

வைத்துப் பார்க்கலாம், வைத்துத் தின்னலாமா?

கதையுள்ள டின்னை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதில் பட்சணம் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லவில்லை! இதை இளம் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பழைய டின்களின் பெயிண்டிலும், ஒட்டுப் போட்ட பற்றிலும் காரீயம் இருக்கக்கூடும். ரசம் வைக்கிற ஈயச்சொம்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு உலோகம். காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும், ரத்தசோகையையும் உண்டாக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவே இதில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. ஆகவே அதற்கு முந்திய சாமான்களில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அமெரிக்கப் பொம்மை ஜாடிகளிலும் இதே தொல்லைதான். அவற்றில் பலவற்றுக்குச் சூளையில் சுட்டு எடுத்த பிறகு மேலே வர்ணம் தீட்டினார்கள். சுடாத வர்ணம், கழுவக் கழுவ உரிந்து வரும். அதனால் சேர்ப்பவர்கள் பலரும் அவற்றை அலமாரியில் அழகுக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுக்குச் சில யோசனைகள்:

நிறம் உதிர்கிற டின், உள்ளே துருப்பிடித்த டின், உள்பக்கம் வர்ணம் பூசிய ஜாடி, இவற்றில் தின்பண்டம் வேண்டாம். பொத்தான், ஊசி நூல், பழைய கடிதங்கள் போட்டு வைக்கலாம். சப்பிப் பார்க்கும் வயதுக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பாட்டி காலத்துப் பீங்கான் பரணியில் விரிசலோ, மேல்பூச்சு பெயர்ந்த இடமோ தெரிந்தால் அதில் புளிப்புச் சாமான் போடாதீர்கள். எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் போன்றவற்றின் புளிப்பு, மேல்பூச்சில் காரீயம் இருந்தால் அதைக் கரைத்து இழுத்துவிடும்.

பொம்மைப் படம் போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கினால், அடியில் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். உணவு வைக்க ஏற்றது என்பதற்கு அது அடையாளம். எண்ணெயில் இருந்து எடுத்த சூட்டோடு எதையும் அதில் கொட்டக் கூடாது.

படம் போட்ட பழைய டின்னைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அன்றோடு படம் போச்சு. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, நிழலில் காயவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி வையுங்கள். இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துரு கூடும்.

சாரல் காலத்தில் முறுக்கு மொறுமொறுவென்று இருக்க வேண்டுமா? எவர்சில்வர் டின்னே நல்லது. பண்டம் நன்றாக ஆறியபின் போடுங்கள். வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து அடியில் போட்டால் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஈரக்கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்!

புது முயல்

அத்தையின் கதைக்கு வருகிறேன். ஐந்தாறு வருஷம் கழித்து, படம் போடுவதில் ஆசையுள்ள என் மகள், "ஆச்சி, அந்த முயல் எப்படி இருக்கும், சொல்லுங்க. நான் வரையறேன்" என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். இரண்டு சாயந்திரம் நடந்தது அந்தப் பஞ்சாயத்து. காது இவ்வளவு நீளம் இல்லை. சட்டை நீலம்தான், ஆனால் இந்த நீலம் இல்லை, மழை வரப்போகிற நீலம். பொத்தான் பித்தளை நிறம். "மூஞ்சி சிரிக்காதுளா. சிரிச்ச மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்."

வரைந்து முடித்ததும் மகள் திடீரென்று, "அம்மா, இந்த முயலை நான் பள்ளிக்கூட லைப்ரரியில பாத்திருக்கேன்" என்றாள். மறுநாள் புத்தகத்தோடு வந்தாள். பீட்டர் என்ற முயல்குட்டி. ஏறக்குறைய அதே நீலச் சட்டை, அதே பித்தளைப் பொத்தான். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி 1893இல், நோயில் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் கடிதமாக எழுதி அனுப்பிய கதை. 1902இல் புத்தகமாக வந்து உலகமெல்லாம் பரவியது. அதற்கடுத்த வருஷமே அந்த அம்மாள் முயல் பொம்மையும் செய்து பதிவு செய்துவிட்டார். படக்கதை உருவம் புத்தகத்தை விட்டு இறங்கி வீட்டுச் சாமானாக மாறிய முதல் வரிசைக் கதைகளில் இதுவும் ஒன்று.

மகள் அந்தக் கதையை ஆச்சிக்குத் தமிழில் சொன்னாள். அதில் முயல்குட்டிக்கு அப்பா கிடையாது. தோட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டவர் திரும்பவே இல்லை. அம்மா மட்டும்தான் நாலு குட்டிகளை வளர்க்கிறாள். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அதுக்கும் அய்யா கெடையாதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லவேளை, எங்கம்மைக்கு இந்தக் கதை தெரியாது" என்றார்.

மகள் வரைந்த முயலைப் புது எவர்சில்வர் டின் ஒன்றின் மூடிமேல் வெளிப்பக்கமாக ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுத்தோம். அத்தை அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என நானும் மகளும் காத்துக்கொண்டு நின்றோம்.

"இது அது இல்ல" என்றார். பிறகு, "இருக்கட்டும். சீடைய இதுல போடு."

இப்போது அத்தைக்கு எழுபத்தேழு வயது முடிந்துவிட்டது. சில நாள் என் பெயர் ஞாபகம் வருவதில்லை. மகன் ஆபீசுக்குப் போயிருப்பதை மறந்து, பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று கேட்கிறார். அந்த மாதிரி நேரத்தில் முயல் டின்னை எடுத்து மடியில் வைத்துவிடுவேன். மூடியைத் தடவிக்கொண்டு இருப்பார். "இது எங்க போவுது அத்தை?" என்று நான் கேட்பேன். சில நாள் "கப்பலுக்கு" என்பார். சில நாள் "திரும்பி வருது" என்பார். எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கு மத்தியானம் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். பழைய டின் கையில் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஞாபகம் வந்திருக்கும் என்ற எண்ணம் மட்டும் என்னை விடுவதில்லை.

அந்தப் பச்சைக் குடம் எப்போதோ உடைந்து போய்விட்டது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள் சகோதரிகளே. மத்தியான வேலை முடிந்து, மாமியாரோ அம்மாவோ ஆச்சியோ கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அலமாரியில் இருக்கும் பழைய டின் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "இது யார் வாங்கினது?" என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவும் பேப்பரும் இருக்கட்டும்.

அடுத்த இதழில் மழைக்காலத்தில் பருப்பு, மிளகாய் வற்றல் இவற்றில் பூச்சி வராமல் காப்பது பற்றிப் பார்க்கலாமா?